முகூர்த்த நாள் மாத்திரைகள்

அம்மணி,

இன்று காலையில் மருமகள் ஒரு சிரப் பாட்டிலைக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் வைத்தாள். மூடியைத் திருகியதும் வாசனை வந்தது. ஆறிப்போன சர்க்கரைப் பாகு மாதிரி ஒரு சப்பென்ற இனிப்பு. மலம் இளகுவதற்காக உனக்கு நான் நாலு மாதம் ஊற்றிக் கொடுத்தேனே, அதே மருந்து. ஏழு வருஷம் கழித்து என் வாய்க்கு வந்திருக்கிறது.

விஷயம் பெரிதாக ஒன்றும் இல்லை. தெருமுனையில் புதிதாகப் போட்ட வேகத்தடையைக் கவனிக்காமல் வண்டியை ஏற்றிவிட்டேன். தொடை எலும்பு இரண்டாகிவிட்டது. உள்ளே கம்பி கொடுத்துத் தைத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். நாற்பது வருஷம் லேத்தில் கம்பி கடைந்தவன் காலுக்குள்ளேயே இப்போது கம்பி. நீ இருந்திருந்தால் இதற்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பாய்.

வலிக்குக் கொடுத்திருப்பது சாதாரண மாத்திரை இல்லை. மருந்துக் கடைக்காரர் டாக்டர் சீட்டை இரண்டு தடவை திருப்பிப் பார்த்து, பேர் விலாசம் எழுதிக்கொண்டுதான் கொடுத்தாராம். உன்னுடையதைவிட ஒரு படி கீழே, ஆனால் அதே வர்க்கம். வலியை நன்றாகத்தான் பிடித்து நிறுத்துகிறது. கூடவே வாய் காய்கிறது, மூக்கு நுனி அரிக்கிறது, இட்லியைப் பார்த்தாலே குமட்டுகிறது, உட்கார்ந்த வாக்கில் கண் சொருகுகிறது. வயிறு நாலு நாளாக அசையவே இல்லை.

"மாமா, வெளிய போயிட்டு வந்தீங்களா?" என்று மருமகள் தினமும் கேட்டாள். "ஆச்சு கண்ணு, ஆச்சு" என்று தினமும் சொன்னேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போவேன், கதவைச் சாத்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன், குழாயைத் திறந்து சத்தம் காட்டிவிட்டு வருவேன். மருமகளிடம் இந்தப் பேச்சு பேச எனக்கு வாய் வரவில்லை. நேற்று சாப்பிட உட்கார்ந்தவன் ஓங்கரித்த பிறகுதான் உண்மையைச் சொன்னேன். "இதுல என்னங்க மாமா வெக்கம்? அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே வாங்கியாந்திருப்பனுங்களே" என்று ஓர் அதட்டல் போட்டுவிட்டுப் போனாள்.

நாலு நாளுக்கே நான் இந்த லட்சணம். நீ பத்து நாள் குழாயைத் திறந்துவிட்டாய். வெளியே நின்று அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டு, எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் நிம்மதிப்பட்டுக்கொண்டேன்.

உனக்கு மார்பில் வந்த புற்று முதுகெலும்புக்கு இறங்கிவிட்டது, இனிமேல் வலி இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம் என்று பெரிய டாக்டர் சொன்ன நாள் ஞாபகம் இருக்கிறது. மார்ஃபின் என்ற பேரைக் கேட்டதும் நான்தான் பயந்தேன். நீ பயப்படவில்லை. "எந்தப் பேரா இருந்தா என்னங்க, ஒரு மணி நேரம் மல்லாக்கப் படுக்க முடிஞ்சாப் போதுமுங்க" என்றாய். நாலு மணி நேரத்துக்கு ஒன்று. காலை ஆறு, பத்து, மத்தியானம் இரண்டு, சாயங்காலம் ஆறு, படுக்கப் போகும்போது ஒன்றுக்கு இரண்டாக. மகனும் மருமகளும் அப்போது பெங்களூரில் இருந்தார்கள். பட்டறையை வாடகைக்கு விட்டுவிட்டு உன்னோடு வீட்டில் நான் ஒருவன்தான். ஒரு நோட்டுப் போட்டுத் தேதி, நேரம், மாத்திரை, வலி எவ்வளவு என்று கோடு கிழித்து எழுதினேன். வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்துவரை நீயே எண்ணாகச் சொல்ல வேண்டும். அதிலும் உனக்கு மரியாதை. முகம் சுண்டிப்போய்க் கிடப்பாய், "ரெண்டு போட்டுக்கங்க" என்பாய். நான் உன் முகத்தைப் பார்த்து ஆறு என்று எழுதுவேன்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் உன்னைப் பார்த்துக் கேட்டார், "மோஷன் போகுதாம்மா?" நீ என்னைப் பார்த்தாய். நான் உன்னைக் கேட்கவே இல்லை. "போகுதுங்க டாக்டர், ஒண்ணும் தொந்தரவில்லீங்க" என்று நானே பதில் சொன்னேன். நாற்பது வருஷமாக வெளியே உனக்காகப் பேசிய பழக்கம். நீயும் தலையை ஆட்டினாய்.

அதை உடைத்தவள் வீட்டுக்கு வந்த நர்ஸம்மாதான். வாரம் ஒரு நாள் வேனில் வருவாளே, வால்பாறையில் தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்த பெண். உன் வயிற்றை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். என்னை வெளியே போகச் சொன்னாள். அரை மணி கழித்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, "ஏனுங்கய்யா, பத்து நாளாச்சாமுங்க. இந்த மாத்திரைய ஆரம்பிச்ச அன்னைக்கே பேதிக்கும் மருந்து சேத்துத்தான் குடுக்கோணும். சீட்டுல எழுதித்தான் இருக்குது. அம்மா வேண்டாமுன்னு சொல்லிட்டாங்களாமா, நீங்களும் உட்டுட்டீங்களாமா?" என்றாள். உள்ளே நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதுகொண்டிருந்தாய். அவள் செய்த எனிமாவுக்காக இல்லை. இதையெல்லாம் ஒருத்தி எனக்குக் கேட்கும்படி உரக்கப் பேசினாளே என்பதற்காக.

அதற்குப் பிறகு சிரப்பை நான் விடவில்லை. இளஞ்சூட்டுத் தண்ணீர், பப்பாளி, வாய் காயாமல் இருக்க ஐஸ் துண்டு, அரிப்புக்குத் தேங்காய் எண்ணெய் என்று அவள் சொன்ன அத்தனையும் செய்தேன். இரண்டே வாரத்தில் நான் பெரிய கெட்டிக்காரன் ஆகிவிட்ட மாதிரி எனக்கு ஒரு நினைப்பு. தூக்கம் ஒன்றுதான் பாக்கி. டாக்டர் அளவை மாற்றிய அந்த வாரத்தில், மாத்திரை உள்ளே போய் அரை மணியில் நீ கண்ணை மூடிவிடுவாய். அதையும் அவளிடம் கேட்டேன். "மொத நாலஞ்சு நாளைக்குத்தானுங்க. விடாம ஒரே அளவாப் போட்டுட்டு வந்தா ஒடம்பு பழகீரும். நடுநடுவுல உட்டு உட்டுப் போட்டா மட்டும் எப்பவும் பழகாதுங்க" என்றாள். நான் சிரித்தேன். நானாவது, விடுவதாவது என்று நோட்டைக் காட்டினேன்.

நமக்கு வந்த வினை முகூர்த்த நாட்களில் வந்தது. வைகாசி பிறந்துவிட்டது. நம் ஆட்கள் உடம்புக்கு முடியாதவரைப் பார்க்கத் தனியாகக் கிளம்பி வருவது குறைவு. கோயமுத்தூரில் ஒரு கல்யாணம் என்றால், பந்தியில் சாப்பிட்டுவிட்டு, தாம்பூலப் பையோடு "அப்படியே ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயிரலாம்" என்று வருவார்கள். பட்டுச் சேலையும், தலை நிறைய மல்லிகையுமாக உன் கட்டிலைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். காலை பத்தரை மணிக்கு ஆரம்பித்தால் ஒரு மணிவரை கார் வந்துகொண்டே இருக்கும்.

வீட்டுக்கு வந்தவரை வாங்க என்று சொல்லாமல் விடுவது நம் பக்கத்தில் எவ்வளவு பெரிய குற்றம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சோறு போடாவிட்டால்கூட மன்னித்துவிடுவார்கள். என் பெரியப்பா வீடும் சித்தப்பா வீடும் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது நிலத்துத் தகராறில் இல்லை. புது வீட்டுப் பால் காய்ச்சும் அன்று படியேறி வந்த சித்தப்பாவை யாரும் வாங்க என்று சொல்லவில்லையாம். பதினெட்டு வருஷம் ஆகிறது. நீ கிணத்துக்கடவிலிருந்து வாழ வந்த நாள் முதலாய், அடுப்பில் பால் பொங்கினாலும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் முதலில் வாங்க, அப்புறம்தான் பால். தெருவே உன் 'வாங்க'வைப் பற்றிப் பேசும். தபால்காரருக்குக்கூட உண்டு.

அந்த வைகாசியில் ஒரு முகூர்த்த நாளில் அன்னூரிலிருந்து என் அக்கா வந்தாள். பத்து மணி மாத்திரை போட்டு நீ அசந்து கிடந்தாய். வாய் லேசாகத் திறந்திருந்தது. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உன் முகத்துக்கு நேரே உட்கார்ந்தாள். பத்து நிமிஷம் பார்த்தாள். அப்புறம் என்னிடம் திரும்பினாள்.

"ஏந்தம்பி, இத்தன தூரம் வந்திருக்கறேன், வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லலீயே இவ."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? மருந்து மயக்கம் அக்கா, அவள் வேண்டுமென்றா செய்கிறாள் என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்று வாரமாகச் சமையல், துணி, பாத்திரம், மருந்து என்று ஒரே ஆளாக அல்லாடி எனக்கு உள்ளே வெந்துபோயிருந்தது. அதையும் சாக்காகச் சொல்ல மாட்டேன். நான் சொன்னது இதுதான்.

"இவ எங்கீங்கக்கா சொல்லப் போறா. மாத்தரையப் போட்டுப்போட்டுக் கட்டையாட்டம் கெடக்கறா. வர்றவங்க மொகத்துல முழிக்க எனக்குத்தானுங்க வெக்கமா இருக்குது."

சொல்லிவிட்டு அக்காவுக்குக் காப்பி போட அடுக்களைக்குப் போனேன்.

அதற்கு அடுத்த முகூர்த்தத்திலிருந்து நீ விழித்திருக்க ஆரம்பித்தாய். எனக்கு ஒரே ஆச்சரியம். நர்ஸம்மா சொன்ன மாதிரி உடம்பு பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். தலைவாரிப் பொட்டு வைத்துவிடச் சொல்வாய். இரண்டு தலையணை வைத்துச் சாய்த்துவிடச் சொல்வாய். ஒவ்வொரு ஆளையும் வாங்க, வாங்க என்று பேர் சொல்லி, உறவு சொல்லி, பிள்ளைகளின் படிப்பு வரைக்கும் விசாரிப்பாய். "நல்லாத்தானே இருக்கறா, நாங்க என்னமோ ஏதோன்னு பயந்துட்டு வந்தோம்" என்று ஆப்பிளை வைத்துவிட்டு அவர்கள் போவார்கள். நான் கேட்வரை போய்ப் பெருமையாக வழியனுப்பிவிட்டு வருவேன். திரும்பி வந்தால் நீ போர்வை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பாய். நெற்றி முழுக்க வேர்வை. இரண்டு மணி மாத்திரை போட்டும் சாயங்காலம்வரை அடங்காது. நோட்டில் எட்டு, ஒன்பது என்று எழுதுவேன்.

நான் என்ன முடிவுக்கு வந்தேன் தெரியுமா? திருஷ்டி. வந்தவர்கள் நல்லாத்தானே இருக்கறா என்று சொன்ன கண் பட்டுவிட்டது என்று, உப்பும் மிளகாயும் எடுத்து மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டேன். நெடி வரவில்லை என்றதும், பார் எவ்வளவு கண் என்று உன்னிடமே சொன்னேன். ஒரு நூல் பிசகினால் வேலையைத் திருப்பி அனுப்புகிறவன், மைக்ரோமீட்டர் வைத்து அளந்து பிழைத்தவன், மிளகாயைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

நோட்டைப் பார்த்த டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். ஆனியில் அவ்வளவு முகூர்த்தம். மறுபடியும் எட்டு, ஒன்பது. ஆனி கடைசியில் மறுபடியும் கூட்டினார். அவர்மேல் தப்பே இல்லை. நான் எழுதிக் கொடுத்ததைப் படித்து வைத்தியம் செய்தார்.

அப்புறம் ஆடி பிறந்தது. கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மட்டும் ஜன்னலை அடித்துக்கொண்டிருந்தது. ஒருவரும் வரவில்லை. நீ எல்லா மாத்திரையையும் போட ஆரம்பித்தாய். எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்தது வலி ஒன்று, வலி பூஜ்யம் என்று நோட்டு அழகாக இருந்தது மட்டும்தான். நீ நாள் முழுக்கத் தூங்கினாய். கையும் காலும் தூக்கத்தில் வெட்டி வெட்டி இழுத்தன. மேலே பார்த்து யாரையோ கையால் விலக்குவாய். "விட்டத்துல பூனை நடக்குதுங்க, ஓட்டுங்க" என்பாய். விட்டமும் இல்லை, பூனையும் இல்லை. ஆடி மூன்றாம் நாள் மத்தியானம் கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தபோது கண்ணைத் திறந்து என்னை நேராகப் பார்த்தாய்.

"வாங்க, வாங்க. எப்ப வந்தீங்க? உக்காருங்க. அவரு பட்டறைக்குப் போயிருக்கறாரு, இப்ப வந்துருவாரு" என்றாய்.

நான் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தேன். "ஆகட்டுமுங்க, வரட்டும்" என்று பதில் சொன்னேன். நீ மறுபடி கண்ணை மூடிக்கொண்டாய்.

மறுநாள் காலையில் உன்னை எழுப்ப முடியவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன், முகத்தில் தண்ணீர் தெளித்தேன். ஒரு மூச்சு வந்தால் அடுத்த மூச்சு வருமா என்று பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. ஆம்புலன்ஸில் உன் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்தேன். அங்கே மார்ஃபினை முறிக்கும் மருந்து ஏற்றி, மாலைக்குள் உன்னைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். விழித்ததும் வலியில் நீ போட்ட சத்தத்தை நான் இதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

நர்ஸம்மா வார்டு வராந்தாவில் உட்கார்ந்து என் நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். ரொம்ப நேரம் புரட்டினாள். தன் கைபேசியை எடுத்து எதையோ ஒப்பிட்டுப் பார்த்தாள்.

"ஏனுங்கய்யா, வைகாசி, ஆனில நான் கல்யாணத்துக்குன்னு லீவு போட்ட நாளெல்லாம் உங்க நோட்டுல எட்டு, ஒம்பதுன்னு இருக்குதுங்களே. மூர்த்த நாள்ல மட்டும் அம்மாவுக்கு எப்படீங்க வலி கூடும்?"

நான் திருஷ்டி என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து உன் தலையணையின் உறையைக் கழற்றி, தையல் பிரிந்திருந்த உள்ளுறையை உதறினேன். மாத்திரைகள் கொட்டின. இருபத்திரண்டு. எச்சில் பட்டு உருக்குலைந்தவை சில, முழுசாக இருந்தவை மற்றவை. பதினோரு முகூர்த்த நாள், நாளுக்குக் காலை ஆறு மணியுடையதும் பத்து மணியுடையதும். நான் உன் கையில் மாத்திரையையும் டம்ளரையும் கொடுத்துவிட்டுக் காப்பி கலக்கத் திரும்புவேன் அல்லவா, அதற்குள். நீ விழுங்காத மாத்திரையின் கணக்கில் டாக்டர் அளவைக் கூட்டியிருக்கிறார். கூட்டிய அளவை ஆடியில் நீ முழுசாக விழுங்கியிருக்கிறாய்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்தே உன்னைக் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். உன் சாவை நீயே கூப்பிட்டுக்கொண்டாய் என்றுகூடச் சொன்னேன். "வந்தவங்க முன்னால வாயத் தொறந்துட்டுக் கெடந்தா நல்லாவாங்க இருக்கும்?" என்றாய். வீம்பு பிடித்தவள் என்று நினைத்தேன். ஏழு வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அளவைக் குறைத்து, ஒரே சீராகக் கொடுக்க ஆரம்பித்தோம். இந்தத் தடவை நீ விழுங்கி, வாயைத் திறந்து காட்டிய பிறகுதான் நகர்ந்தேன். ஐந்தாம் நாள் நர்ஸம்மா சொன்ன மாதிரியே தூக்கம் விலகியது. வலியும் இல்லை, மயக்கமும் இல்லை. ஆரம்பத்திலிருந்தே இது கிடைத்திருக்கும். ஆவணி முகூர்த்தங்கள் வருவதற்குள் பட்டறையில் ஒரு தகரத்தை வெட்டி, பெயின்ட் அடித்து, "நோயாளி ஓய்வில் இருக்கிறார், பார்வையாளர்கள் மன்னிக்கவும்" என்று எழுதிக் கேட்டில் கட்டினேன். வந்த கார்கள் திரும்பிப் போயின. பட்டுச் சேலைகள் என்னைத் திட்டிக்கொண்டே போயின. எனக்கு அதில் ஒரு திருப்தி.

உனக்கு இல்லை. கட்டிலிலிருந்து வாசலைப் பார்த்தபடி கிடப்பாய். கார் நிற்கும் சத்தம், கிளம்பும் சத்தம். ஒரு நாள் மெதுவாகச் சொன்னாய், "படுத்த எடத்துல எனக்குன்னு அந்த ஒரு வேலைதானுங்க இருந்துச்சு. வாங்கன்னு சொல்றது. அதையும் எடுத்துப்போட்டீங்க." உன் நல்லதுக்குத்தான் என்று முணுமுணுத்தேன். புரட்டாசியில், யாரும் வராத ஒரு புதன்கிழமை காலையில், நீ போய்விட்டாய். வலி இல்லாமல் போனாய் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். அது உண்மைதான்.

இதெல்லாம் உனக்குத் தெரிந்த கதை. இப்போது இதை எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக.

போன ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். கல்யாணத்துக்கு வந்த அக்கா என்னைப் பார்க்க வந்தாள். நான் காலை மாத்திரை போட்டுப் படுத்திருந்தேன். தூங்கவில்லை அம்மணி. இதை எப்படிச் சொல்வது? உடம்பு தனியே கீழே கிடக்கிறது. இமை தூக்க வரவில்லை, நாக்கு வாய்க்குள் ஈரச் சாக்கு மாதிரி கிடக்கிறது. ஆனால் காது திறந்திருக்கிறது. அக்காவின் செருப்பு கழன்ற சத்தம் கேட்டது. நாற்காலி இழுபட்ட சத்தம் கேட்டது. பட்டுச் சேலை மடிந்து உட்கார்ந்தது கேட்டது. வாங்கக்கா என்று சொல்ல எவ்வளவோ முட்டினேன், ஓர் எழுத்து வெளியே வரவில்லை.

"மாமா இப்பத்தானுங்க மாத்தர போட்டுப் படுத்தாரு, எழுப்பட்டுங்களா?" என்றாள் மருமகள்.

"வேண்டாங்கண்ணு, பாவம், தூங்கட்டும். மருந்து அப்படித்தான் அமுத்தும்" என்றாள் அக்கா.

எனக்கு வாங்க என்று சொல்லாத குற்றம் இல்லை. எனக்குக் கிடைத்தது 'பாவம்'. அந்த வார்த்தை காதில் விழுந்த அதே நிமிஷத்தில், அந்த வைகாசி நாள் முழுசாக என் மேல் வந்து விழுந்தது. அதே அறை, அதே அக்கா, அதே மாதிரி இழுபட்ட நாற்காலி. கட்டையாட்டம் கெடக்கறா. எனக்குத்தானுங்க வெக்கமா இருக்குது. உன் தலைமாட்டில் நின்றுதான் அதைச் சொன்னேன்.

அக்கா போய், மருந்து தெளிந்ததும், மருமகளிடம் பீரோவிலிருந்து பழைய நோட்டை எடுத்துத் தரச் சொன்னேன். அக்கா வந்த நாளில் வலி மூன்று. அதற்கு முன்னால் எந்த முகூர்த்தத்திலும் நாலைத் தாண்டவில்லை. அதற்கு அடுத்த முகூர்த்தத்தில் முதல் ஒன்பது. என் கையெழுத்துதான்.

எனக்கு இன்னொன்றும் ஞாபகம் வந்துவிட்டது. அக்கா வந்துபோன அன்று சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும், நீ கண் விழித்தாய். உதட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு கேட்டாய்.

"உங்கக்கா காப்பி குடிச்சுப்போட்டுத்தானுங்க போனாங்க?"

குடித்துவிட்டுத்தான் போனாள் என்றேன். "செரிங்க" என்றாய். அக்கா வந்ததை நான் உன்னிடம் சொல்லவில்லை. சொல்வதற்கு வீட்டில் வேறு யாரும் இல்லை. உனக்கு எப்படித் தெரியும் என்று அப்போது ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை.

நான் சொன்னது அத்தனையும் நீ கேட்டுக்கொண்டு கிடந்தாய் அம்மணி. கேட்டுவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், என் அக்காவுக்குக் காப்பி கிடைத்ததா என்று விசாரித்தாய். அப்புறம் எனக்கு வெட்கமாக இருக்கக் கூடாது என்று பதினோரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். டாக்டர் எனக்கு இந்த மாத்திரை இன்னும் மூன்று வாரத்துக்குத்தான் என்கிறார். அதற்குள் காலை ஊன்றி நடக்க ஆரம்பித்துவிடலாமாம். இதை வைத்துக்கொண்டு நான் எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியவில்லை.